செடிக்கும் புரட்டாசி வைத்தேன்

கண்ணு,

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாலு வரி படித்துவிட்டு ஒரு கட்டை விரலைப் போட்டு அனுப்பிவிடுவாய். அதனால்தான் உன் பழைய ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். ஒரு பக்கம் கோடு போட்டது, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் என் எழுத்து மேலே ஏறிக்கொண்டே போகும், பொறுத்துக்கொள். கையில் கொடுத்தால் என் எதிரிலேயே பிரித்துப் படிப்பாய், எனக்குக் கூச்சமாக இருக்கும். நாளைக் காலை நீ வேலூர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டிபன் பைக்குள் வைத்துவிடுவேன். உட்கார இடம் கிடைத்தால் படி. நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது.

தை மாதம் உனக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மகனிடம் சொல்வதற்கு ஒவ்வொரு அம்மாவும் ஒரு மூட்டை புத்திமதி வைத்திருப்பாள். என்னிடமும் இருக்கிறது, விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. ஆனால் அதற்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்பது வருஷமாகிறது. உன் குடுவைச் செடி வெயிலில் சாகவில்லை. நான்தான் கொன்றேன்.

அது வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ பிளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நேரம். மொட்டை மாடியில் பத்துக்குப் பத்து இடத்துக்குப் பச்சை வலை கட்டி, யார் வீட்டிலும் இல்லாத செடியாகத் தேடித் தேடி வைத்துக்கொண்டிருந்தாய். கூழாங்கல் மாதிரியே இருக்கும் ஒரு செடி, மண்ணே இல்லாமல் காற்றில் தொங்கும் ஒரு செடி. உன் அப்பா தறியை விட்டு எழுந்து வந்து பார்த்துவிட்டு, "மல்லி வெச்சா உங்கம்மா தலைக்காவது ஆவும். இது இன்னாத்துக்குடா ஆவும்?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அப்புறம் ஒருநாள் கூரியரில் ஒரு அட்டைப் பெட்டி வந்தது. ஈரப் பேப்பரைப் பிரித்துப் பிரித்து எடுத்தாய். ஒவ்வொரு இலையின் நுனியிலிருந்தும் ஒரு நூல் இறங்கி, அந்த நூலின் முனையில் மூடி போட்ட குட்டிச் செம்பு மாதிரி ஒன்று தொங்கியது. இவ்வளவு அழகாக ஒரு செடி இருக்குமா என்று நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். "உள்ள பூச்சி வுழுந்தா அப்படியே சாப்டுடும்மா" என்று நீ சொன்னதும்தான் கையை எடுத்தேன்.

முட்டைகூட ஏறாத வீடு நம்முடையது. புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கிற வீடு. அந்த வீட்டு மாடியில் ஈயும் எறும்பும் பிடித்துத் தின்கிற ஒரு ஜீவன். "பெருமாளே, நம்ம வூட்டுக்கு வந்து இது பண்ற வேலைய பாரேன்" என்றேன். "அது அதும்மா. அத வுட்டுடு" என்றாய். பெரிய வாக்கியம் ஒன்றும் இல்லை அது. அதைக் கேட்டு நடந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஆடியில் நீ கோயம்புத்தூர் காலேஜுக்குப் போனாய். போகும் முன் மாடிப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாய். மழைத் தண்ணீர், இல்லையென்றால் பக்கத்து வீட்டு டீச்சரின் ஏசியிலிருந்து நம் சுவரோரம் சொட்டுகிற தண்ணீர், இந்த இரண்டைத் தவிர வேறு தண்ணீர் கூடாது. தேங்காய் மட்டைத் தூளைத் தவிர மண் கூடாது. உரம் கூடவே கூடாது. கடைசி வரியாக 'எதையும் ஊட்டாதே' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாய். உனக்கு என்னைத் தெரியும்.

நான் முதலில் செய்தது சின்னக் காரியம். காலையில் போய் ஒவ்வொரு குடுவையாக எட்டிப் பார்ப்பேன். எறும்பு தத்தளித்தால் ஈர்க்குச்சியை விட்டு ஏற்றி எடுத்து வெளியே விடுவேன். அப்படிப் பிழைத்த எறும்புகள் எத்தனையோ, அதில் ஒன்றாவது எனக்கு நன்றி சொல்லியிருக்குமா தெரியாது. ஆனால் எறும்பைக் காப்பாற்றிய பிறகு செடி பட்டினி கிடக்குமே என்ற கவலை வந்தது. அந்தச் சமயத்தில் நீ போனில் தினமும் "மெஸ் சாப்பாடு நல்லா இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். இங்கே சமைத்ததைச் சாப்பிட நானும் உன் அப்பாவும்தான். அவருக்கோ தறியில் நாடா ஓட்டுகிற மும்முரத்தில் குழம்பா ரசமா என்பதுகூடத் தெரியாது. உனக்கு ஊட்டியே பழகிய கை, கண்ணு. ஊட்டுவதற்கு வேறு வாய் இல்லாமல் போயிற்று. அந்தச் செடிக்கு ஆறு வாய் இருந்தது.

தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, நீ குழந்தையாக இருந்தபோது மருந்து கொடுத்த ஃபில்லர் ஒன்று பத்திரமாக இருந்தது, அதில் எடுத்து ஒவ்வொரு குடுவையிலும் நாலு சொட்டு விட்டேன். சிரிக்காதே. வேருக்கும் தெம்பு வேண்டுமே என்று கடலைப் புண்ணாக்கு ஊறிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். டீச்சர் ஊருக்குப் போய் ஏசி ஓடாத பத்து நாள் போர் தண்ணீரே ஊற்றினேன். கீரைக்கும் கத்திரிக்கும் எது நல்லதோ அது இதற்கு மட்டும் எப்படி ஆகாமல் போகும் என்று எனக்கு ஒரு வீம்பு.

அப்புறம் புரட்டாசி பிறந்தது. ஆரணியில் கறிக்கடைக்காரர்களே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதம். ஊரெல்லாம் விட்டிருக்கும்போது நம் வீட்டு மாடியில் மட்டும் ஒன்று ஈ பிடித்துத் தின்கிறதே என்று எனக்குச் சனிக்கிழமை பூஜையில் மனசே ஒட்டவில்லை. அப்பாவின் தறியடியில் கிடந்த கழிவு நூலில் புடவைக் கரைக்கு ஓட்டிய அரக்குச் சிவப்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஆறு குடுவைகளின் மூடியையும் அழுத்தி, வாயோடு சேர்த்துக் கட்டினேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவில் அறுந்த இழையைச் சேர்ப்போமே, அதே சின்ன முடிச்சு. ஒரு எறும்புகூட நுழைய முடியாது. மாதம் முழுக்க விரதம். செடிக்கும் புரட்டாசி. கட்டி முடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். புண்ணியம் செய்துவிட்ட திருப்தியில் அன்றைக்கு இரண்டு தரம் காபி குடித்தேன்.

முதலில் ஒரு குடுவை கறுத்தது. அப்புறம் ஒன்றொன்றாக எல்லாம். உள்ளே நான் விட்ட தயிர்சாதம் வெளியே போக வழியில்லாமல் அழுகி நாற்றம் எடுத்தது. புண்ணாக்குத் தண்ணீரில் வேர் வெந்துபோயிருந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் நீ போனில் "என் செடி எப்படிம்மா கீது?" என்று கேட்டாய். நான் அதைத் தொட்டியிலிருந்து பிடுங்கி முருங்கை மரத்தடியில் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. "வெயில்ல போயிடுச்சி கண்ணு" என்றேன். ஐப்பசி மழை வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. நீ அதைக்கூட யோசிக்கவில்லை. "நம்ம ஊருக்கு அது ஒத்து வராதும்மா. நான்தான் வாங்கியிருக்கக் கூடாது" என்றாய்.

குற்றத்தை உன் மேலேயே போட்டுக்கொண்டாய். நான் அப்போதே "இல்லடா, நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ ஒரு செடிகூட வாங்கவில்லை. லீவுக்கு வந்தால் மாடிக்குப் போவாய், துணி எடுத்துக்கொண்டு வருவாய், அவ்வளவுதான். மற்றவற்றையாவது சாகாமல் வைத்திருப்போம் என்றுதான் நான் அந்தப் பத்துக்குப் பத்தை எடுத்துக்கொண்டேன். நீ ஒட்டிய தாளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்ததே செடி செத்த பிறகுதான். சிலதைப் பட்டினி போட்டால்தான் பூக்கும், சிலது தண்ணீர் ஊற்றாத நாளில்தான் வேர் விடும் என்றெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? கூழாங்கல் செடிக்கு இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றி, அது வெடித்துச் செத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

உன் அப்பா தன் பங்குக்கு ஒன்று செய்தார், அது உனக்குத் தெரியாது. டீச்சர் எங்கிருந்தோ ஒரு செடி கொண்டுவந்து கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில் தாடி தாடியாகத் தொங்கும், வேரே கிடையாது, காற்றில் இருக்கிற ஈரமே போதும். துணி காயப்போடுகிற கொடியில் மாட்டியிருந்தேன். அப்பா மாடிக்கு வந்தவர், "கழிவு நூலை எல்லாம் இன்னாத்துக்கு வெயில்ல மாட்டி வெச்சிகினு இருக்கற?" என்று முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுருட்டி, கழிவுப் பட்டு மூட்டைக்குள் திணித்துவிட்டார். நாலு நாள் மாடி முழுக்கத் தேடினேன். கடைசியில் மூட்டையைக் கொட்டியபோது பட்டு நூலோடு பின்னிக்கொண்டு உயிரோடு கிடந்தது. இன்றைக்கும் அதில் இரண்டு இழை மாம்பழ மஞ்சள் இருக்கிறது, எடுக்க வரவில்லை.

இனி மோனிஷா விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு சுற்றியதும் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான்.

வைகாசியில் நீ அவளை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துவந்தாய். சேத்துப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரியாமல் சிரித்துக்கொண்டு, நேராகச் சமையலறைக்கு வந்து நின்றாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. பிடித்துப்போனதால்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள். "எங்க வூட்ல கவிச்சி சேக்கறதில்லம்மா. கல்யாணத்துக்கப்புறம் நீயும் வுட்டுடுவ இல்ல?" அவள் காபி குடித்த டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். "சரிங்க அத்தை" என்றாள். அந்த டம்ளரை மூன்று தரம் கழுவினாள். நீ வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

ஆவணியில் நிச்சயம் முடிந்தது. மறுநாளே "வேலூர்ல வீடு பாத்துட்டேம்மா" என்றாய். தூரம் என்றாய். தினம் பஸ்ஸில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தால் பேஜார் என்றாய். மூன்று வருஷமாக அதே பஸ்ஸில் போய்வருகிற நீ ஒருநாள்கூடத் தூரம் என்று சொன்னதில்லை. இரண்டாம் தரம் கேட்டபோது சட்டை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம வூட்டுக்கு அது ஒத்து வராதும்மா" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வெயில் மேல் பழியைப் போட்டேன், இப்போது பஸ் தூரத்தின் மேல் நீ போடுகிறாய். இரண்டு தரமும் அந்தப் பழிக்குப் பின்னால் மறைந்திருந்தது நான்தான்.

நிச்சயத்தன்று அவள் எனக்கு ஒரு செடி கொண்டுவந்தது உனக்குத் தெரியும். "அவரு சொன்னாரு அத்தை, முன்ன ஒண்ணு வெச்சிருந்தாராம், வெயில்ல போயிடுச்சாம். வெயில் தாங்கற ரகமான்னு நாலு பேர்கிட்ட கேட்டு வாங்கினேன்." அதே குடுவைச் செடி. அந்தப் பெண் வெயில் தாங்குமா என்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறாள், என்னைத் தாங்குமா என்று யாரிடம் போய் விசாரிப்பாள்? நான் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை ஏசி தண்ணீர் மட்டும்தான். புரட்டாசி முதல் நாள் பழைய நினைப்பில் தறியடியில் குனிந்து நூலைக்கூட எடுத்துவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் ஒரு கட்டெறும்பு குடுவை விளிம்பில் சுற்றி வந்தது. ஈர்க்குச்சி பக்கத்திலேயே இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எறும்பு வழுக்கி விழுந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுக்கவில்லை. அன்றைக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகவே நினைத்துக்கொண்டேன். செடியிடம் மட்டும்தான் நான் திருந்தியிருந்தேன் என்பது தெரியாமல்.

போன வாரம் சம்பந்தி அம்மா முகூர்த்தப் புடவைக்கு நிறம் பார்க்க வந்திருந்தார்கள். அப்பா நாலைந்து புடவைகளைப் பிரித்துப் போட்டிருந்தார். அவர்கள் ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சிரித்தபடி சொன்னார்கள். "இன்னா சொல்றதுங்க. புரட்டாசி முடிஞ்சி நாங்கல்லாம் மீன் வாங்கி ஆக்கிட்டோம். இது மட்டும் ரசம் ஊத்திகினு எழுந்து போவுது. கேட்டா, 'இனிமே எனக்கு வருஷம் பூரா புரட்டாசிதாம்மா, இப்பவே பழகிக்கறேன்'னுது. சின்னதுலேர்ந்து மீன் கொழம்புன்னா உயிருங்க அதுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, சும்மா சொன்னேன்."

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சமையலறைக்குப் போகாமல் டம்ளரோடு மாடிக்குப் போய்விட்டேன். அவள் கொடுத்த செடியில் புதிதாக ஒரு குடுவை மூடி திறந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன், கண்ணு. சேத்துப்பட்டில் தன் அம்மா வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒரு பெண் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டியது நான். ஆரணியில் இருந்துகொண்டே கட்டியிருக்கிறேன். அவளைப் பூச்சி தின்னும் செடியோடு சேர்த்துப் பேசினேன் என்று அவளிடம் சொல்லிவைக்காதே, மாமியாருக்கு முதல் நாளே நல்ல பெயர் வந்துவிடும். ஆனால் உனக்குப் புரியும்.

புத்திமதி மூட்டை இருக்கிறது என்றேனே, இப்போது அவிழ்க்கிறேன். அதில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். நமக்கு எது நல்லதோ அதைத்தான் நாம் பிரியப்பட்டவர்களுக்குக் கொடுப்போம். நான் அந்தச் செடிக்குக் கொடுத்தது என் வீட்டுத் தயிர்சாதம், கெட்டது ஒன்றும் இல்லை. அதனால்தான் தப்பு என்று தெரிய அத்தனை நாள் ஆனது. நாளைக்கு நீயும் அவளுக்கு எதையாவது பிரியமாகக் கொண்டுபோய்க் கொடுப்பாய், அவள் "சரிங்க" என்பாள். டம்ளரை எத்தனை தரம் கழுவுகிறாள் என்று பார். நானும் பார்த்தேன், பார்த்துவிட்டும் நல்ல சுத்தக்காரப் பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ மட்டும் பெரிய சைவம் என்று நான் நம்பிக்கொண்டிருப்பதாக நினைக்காதே. சில வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் சட்டையிலிருந்து வருகிற வாசம் வேலூர் பிரியாணி வாசம் என்று தெரியாத அளவுக்கு என் மூக்கு மழுங்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் மட்டும் கேட்டேன். அதுவும் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது மண் சட்டி விற்கிற அம்மாவிடம் நின்றேன். அகலமாக ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். "மீன் கொழம்புக்காம்மா? இது தோதா இருக்கும்" என்றாள். என் ஆயுசில் முதல் தடவையாக "ஆமாம்" என்றேன். சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தேன், தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று. வீட்டுக்கு வந்து அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப்போட்டு, மாடியில் கவிழ்த்து வைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, தொட்டிக்கு ஓட்டை போடுவது அப்பாவின் இலாகா. பார்த்தவுடன் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா செடி வெக்கப் போற? நல்லா அகலமா கீது. குடு, ஓட்டை போட்டுத் தரேன்."

"இதுக்கு ஓட்டை வேணாங்க."

"தண்ணி நின்னு வேரு அழுவிடும்டி."

"இது செடிக்கு இல்லீங்க. மோனிஷா மீன் கொழம்பு வெக்கறதுக்கு."

ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சட்டியை நிமிர்த்தி உள்ளே பார்த்தார், திரும்பக் கவிழ்த்து வைத்தார். படி இறங்கும்போது, "மூடி வாங்கலியா?" என்று கேட்டார். இன்று மத்தியானம் பாவு விஷயமாக வெளியே போனவர் திரும்பும்போது கையில் ஒரு மண் மூடி இருந்தது. சட்டிக்குக் கொஞ்சம் பெரிசு. பரவாயில்லை, மூடுகிறது.

எனக்கு மீன் வாசம் பிடிக்காது, அதில் பொய் சொல்ல மாட்டேன். அவள் முதல் தடவை ஆக்குகிற அன்றைக்கு நான் டீச்சர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாலும் உட்காருவேன். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், மூக்குதான் காரணம். என் சமையலறை எனக்கு, மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிற சின்ன அறை அவள் சமையலுக்கு. உங்களை இங்கே வரவழைக்கத்தான் இந்தச் சட்டியை வாங்கினேன் என்றும் நினைக்காதே. அப்படி நினைத்துத்தான் வாங்கினேனோ என்று நேற்று முழுக்க என்னையே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் அதுவும் இருக்கிறது. அதனால்தான் இதையும் எழுதிவிடுகிறேன். வேலூர் வீடுதான் உங்களுக்குத் தோது என்றால் வேலூருக்கே போங்கள். செடி, சட்டி, மூடி மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். செடிக்கு நல்ல தண்ணீர் எது என்று உனக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய். வேலூரில் இறங்கியதும் ஆபீஸுக்குள் போவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு. வேறு எதையும் விளக்க வேண்டாம். புரட்டாசி முடிந்துவிட்டது, அத்தை சொல்லச் சொன்னார்கள் என்று மட்டும் சொல்.

அம்மா